கட்டண விபரம் மட்டும்தான் கொடுத்தேன்

"மார்க்ஸ் வேணாம் மிஸ். நான் கட்டுன காசு வந்துச்சானு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கெம்பஸ் அலுவலகக் கவுண்டரில் இருந்த என்னிடம் ஒரு மாணவனின் தகப்பன் கேட்டது இவ்வளவுதான். இரண்டு வருடமாகிவிட்டது.

அதற்கு முந்தைய கால் மணி நேரம் நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். மகனுக்கு 20 வயது. 18 நிறைந்தவரின் பெறுபேற்றை, அவர் எழுத்தில் சம்மதிக்காமல் தகப்பனுக்கும் காட்ட மாட்டோம் என்று சொன்னேன். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, புறக்கோட்டையில் இறங்கி, ஓட்டோவில் வந்திருந்த மனிதர் அவர். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று மகனின் சுட்டெண்ணைக் கடைக் கொம்பியூட்டரில் தட்டிப் பார்த்ததும், தெருவுக்கே தெரிந்துபோனதாம். நம் ஊரில் நல்ல பெறுபேறு என்றால் டியூட்டரி வாசலில் படத்தோடு பனர் கட்டிவிடுவார்கள். அப்படிப் பழகியவரிடம், கெம்பஸுக்குள் வந்ததும் அது இரகசியம் என்றால் எப்படி விளங்கும்? ஆனாலும் அவர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் என்னை இளக்கியது. கத்தியிருந்தால் தப்பித்திருப்பேன்.

காசு என்றதும், அது வேறு ஃபைல் என்று மனம் சொல்லிவிட்டது. மார்க்ஸ் பரீட்சைப் பிரிவில் இருக்கிறது. கட்டணம் எங்கள் திரையிலேயே இருக்கிறது, அதைக் கேட்டு நாளுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். கட்டண விபரத்தை அச்செடுத்து நீட்டினேன். முதல் இரண்டு செமஸ்டர் கட்டியிருந்தது. மூன்றாவதும் நான்காவதும் நிலுவை.

அவர் அந்தத் தாளைப் படித்த விதத்தை நான் எழுதப்போவதில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி மிஸ்" என்று எழுந்தார், அவ்வளவுதான்.

செய்தது பிழையா? அன்று மாலை காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடியே எனக்குச் சாதகமாக நிறைய யோசித்தேன். பிள்ளைக்காகக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் காசு எங்கே போனது என்று கேட்க உரிமை இல்லையா? அமெரிக்காவில் மாணவர் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று சொல்ல 1974ல் வந்த ஃபெர்பா சட்டமும் 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ உரிமையை மாணவருக்கே கொடுத்துவிடுகிறது. ஆனால் வருமான வரியில் பிள்ளையைத் தன்னில் தங்கியிருப்பவராகக் காட்டும் பெற்றோருக்கு, பிள்ளையின் சம்மதம் இல்லாமலே கல்லூரி பதிவுகளைக் காட்டலாம் என்று ஒரு விலக்கும் அதில் இருக்கிறது. செலவழிக்கிறவரை முழுக்க வெளியே நிறுத்த அவர்களாலும் முடியவில்லை போலும். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அங்கத்தைய சட்டத்தில் இங்கே ஆறுதல் தேடினேன் என்பதும் தெரிகிறது.

இங்கே இலங்கையில் 2022ல் நிறைவேறிய 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டும் தகவல் என்றுதான் பேசுகிறது. மார்க்ஸ் ஒரு பக்கம், கட்டணம் ஒரு பக்கம் என்று பிரித்தது நான்தான். இன்னொன்றையும் பிறகுதான் கவனித்தேன்: எங்களுக்குக் காசு கட்டியவர் அவர் இல்லை. அவர் மகனின் வங்கிக் கணக்குக்குப் போட்டார். பற்றுச்சீட்டு இரண்டும் மகனின் பெயரில். 'கட்டியவர்' என்ற என் வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது. அல்லது உடையவில்லை, எந்தக் கணக்கு வழியாக வந்தாலும் அது கடைக் காசுதானே என்றும் தோன்றுகிறது. இரண்டையும் மாறி மாறி நம்புகிறேன்.

அடுத்த வாரம் மகன் வந்தான். கோபமாக வருவான் என்று நினைத்திருந்தேன். கவுண்டருக்கு முன்னால் நின்று மெதுவாகக் கேட்டான்:

"மார்க்ஸைக் காட்டியிருக்கலாமே மிஸ். அதுல நான் பெயில்னு மட்டுந்தானே இருந்திருக்கும்."

நான் "கட்டண விபரம் மட்டும்தான் கொடுத்தேன் தம்பி" என்றேன். இவ்வளவு முட்டாள்தனமான பதிலை அலுவலகத்தில் வேறு எப்போதும் சொன்னதில்லை. பூட்டி வைத்த ஃபைலில் இருந்தது தோல்வி. நான் நீட்டிய தாளில் இருந்தது பொய். காசை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த மாதமே பதிவை நிறுத்திக்கொண்டான். தகப்பன் வராமல் இருந்தாலும் நிறுத்தியிருப்பான் என்று சக ஊழியர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தகப்பனிடம் தானே சொல்லியிருப்பானோ, அதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருந்ததோ?

அதற்குப் பிறகு பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன்: 'கட்டண விபரங்களைப் பெற்றோருக்கு வழங்கச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை.' மேலிடம் ஏற்றுக்கொண்டது. இந்த வருடம் என் மேசைக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் சம்மதம் என்றுதான் அடையாளமிட்டார்கள். பெரும்பாலும் பக்கத்தில் அப்பா நிற்கிறார். பேனாவும் அவருடையதுதான்.