ஏற்காட்டில் உறைபனித் தேதிக் கணக்கு: செய்து பார்த்த அனுபவம்

குளிர்நாடுகளில் காய்கறித் தோட்டம் போடுபவர்கள், வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர்காலத்தின் முதல் உறைபனிக்கும் இடைப்பட்ட நாட்களையே சாகுபடிக் காலமாகக் கொள்கிறார்கள். பெரும்பாலும் 30 ஆண்டுப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படும் கடைசி உறைபனியின் சராசரித் தேதிக்குப் பிறகும் உறைபனி விழ ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதால், தக்காளி, மிளகாய் போன்ற குளிர் தாங்காத பயிர்களுக்கு, அந்த வாய்ப்பு பத்தில் ஒன்றாகக் குறையும் பிந்தைய தேதியை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏற்காடு, உதகையைப் போல ஆண்டுதோறும் உறைபனி படியும் ஊர் அன்று. ஆனால், தக்காளிப் பூ பிஞ்சாக மாற இரவு வெப்பம் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மண் குளிர்ந்து கிடந்தால் பீன்ஸ் விதை முளைக்காமல் அழுகிவிடும். எனவே 0 டிகிரிக்குப் பதிலாக 13 டிகிரியை எல்லையாக வைத்து அதே கணக்கைப் போட்டேன். சேலத்துக்கும் இங்கும் உயரத்தில் 1,200 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு; அதனால் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. சமவெளியின் பட்டம் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவே முதற்காரணம்.

வீட்டை ஒட்டிய சரிவில் ஒன்றும் ஓடையோரத் தாழ்வில் ஒன்றுமாக, இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர்களை நட்டு, மார்கழி தொடங்கி மாசி முடியக் காலைதோறும் குறித்து வந்தேன். மேகமூட்டமான இரவுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டின. வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளிலோ, தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்க, அதன்மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் தண்ணீர்போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கியதால், ஓடையோரம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தது. ஒரே தோட்டத்துக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், ஊருக்கென்று சொல்லப்படும் சராசரி ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே என்பது என் உறுதியான கருத்து. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற சொல்வழக்கும் இந்தக் குறிப்பேட்டோடு ஒத்தே போகிறது: தை பிறந்ததுமே குளிர் விட்டுவிடுவதில்லை.

பருவத்தின் மறுமுனையை இங்கே முடிவு செய்வது மழையே. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வலுத்து இலை காயாமல் நனைந்தே இருந்தால், தக்காளியில் கருகல் நோய் பரவும். ஆகவே ஜூன் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணினேன்: பறிப்புக்கு ஒரு மாதம், நடவிலிருந்து முதல் பறிப்புவரை 70 நாள், அதற்கு முன் நாற்றுக்கு ஐந்தாறு வாரம். இந்தக் கணக்கின்படி ஜனவரி நடுவில் விதைத்துப் பிப்ரவரி மூன்றாம் வாரம் நட வேண்டும். அப்போது இரவுக் குளிர் முழுதும் விட்டிருக்காது என்பதால் குழித்தட்டுகளை இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். நடவைச் சரிவில் மட்டும் செய்தேன். பள்ளத்துக் குளிரைப் பொருட்படுத்தாத முட்டைக்கோசும் கேரட்டும் ஓடையோரம் இருக்கின்றன. பீன்ஸை அங்கே பங்குனியில்தான் ஊன்றுவேன்.

சரிவில் தக்காளி இப்போது பூத்திருக்கிறது, முதல் கொத்துகளில் பிஞ்சும் பிடித்துள்ளது.