பேர்காம்ப் திரும்பிச் சென்ற இடம்

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மகனின் பயிற்சி முடியும்வரை காத்திருக்கும் மாலைகளில் எனக்கு நெதர்லாந்தின் உதைபந்தாட்ட வீரர் டெனிஸ் பேர்காம்பின் நினைவு வருவதுண்டு.

1969இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, அயாக்ஸ் கழகத்தின் இளையோர் பிரிவிலேயே வளர்ந்த அவர், இத்தாலியின் இன்டர் மிலானில் இரண்டு பருவங்களை அவ்வளவாகச் சோபிக்காமல் கழித்துவிட்டு, 1995இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்துக்கு வந்து, 2006இல் ஓய்வுபெறும்வரை அங்கேயே ஆடினார். 1998 உலகக் கிண்ணக் காலிறுதியில், ஆர்ஜென்டினாவுக்கு எதிராக, நெடுந்தூரத்திலிருந்து வந்த பந்தை முதல் தொடுகையில் இறக்கி, இரண்டாவதில் தடுப்பாட்டக்காரரை விலக்கி, மூன்றாவதில் வலைக்குள் செலுத்தினாரே, அந்தக் கோலை எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஓய்வுக்குப் பின்னர் பயிற்றுநர் சான்றிதழுக்காகப் படித்து, தாம் வளர்ந்த அதே அயாக்ஸில் இளையோருக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். முதல் அணியின் துணைப் பயிற்றுநரானது 2011இல்தான். அத்தனை புகழுடையவர் சிறுவர்களின் வரிசையில் போய் நின்றது, என்னைப் பொறுத்தவரை, அவருடைய கோல்களைவிடப் பெரிது.

அந்த முதல் தொடுகையைத்தான் இங்குள்ள பயிற்றுநரும் வாரக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். ஓரத்தில் நிற்கும் பெற்றோரோ, “எப்ப சேர் மெட்ச் வைப்பீங்க?” என்றே கேட்கிறார்கள், நானும் ஒருநாள் கேட்டிருக்கிறேன்.