தொப்பிக்கும் பூசணிக்கும் கூட்டாளி தேடிய கதை

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு ஒராண்டா தங்கமீன்கள். வெள்ளை உடம்பும் தலையில் சிவப்புக் கொண்டையுமாக இருப்பதற்கு என் மகன் வைத்த பெயர் தொப்பி. இன்னொன்று முழு ஆரஞ்சு, வயிறு உருண்டை. அது பூசணி. நாங்கள் இருப்பது பெரம்பூர். வண்ணமீன் வாங்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கொளத்தூருக்கு வருகிறார்கள். எனக்கு அது ஸ்கூட்டியில் கால் மணி நேரம். அதுதான் வம்பு. கடை பக்கத்தில் இருந்தால் இன்னொன்று வாங்கலாமா என்று கை துறுதுறுக்கும்.

முதலில் வந்தது சக்கர் மீன். கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்து, வாரம் ஒருமுறை தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போயிருந்தேன். கடைத் தம்பி, "ஒரு சக்கர் போடுங்கக்கா, பாசியெல்லாம் அதுவே தின்னுடும். யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றான். விரல் நீளக் குட்டி, 40 ரூபாய். மூன்று வாரம் உண்மையிலேயே ஒன்றும் பண்ணவில்லை. கண்ணாடியும் பளிச்சென்று ஆனது. மாமியார்கூட அதைப் பார்த்து, "இதுக்கு இருக்கிற பொறுப்பு இந்த வீட்ல யாருக்கு இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டேன். பூசணி தொட்டியின் மூலையில் ஒருக்களித்து நின்றது. அதன் விலாவில் அட்டை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சக்கர். பூசணி வாலை உதறி நாலு விரல் தூரம் போகிறது, அதுவும் கூடவே போகிறது. கண்ணாடியைத் தட்டியதும் விட்டுவிட்டு ஓடியது. அது ஒட்டியிருந்த இடத்தில் எட்டணா அளவுக்கு வட்டமாகச் செதில் இல்லை. வெளுத்து, ஓரம் சிவந்திருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மீனின் மேலே வழவழவென்று ஒரு படலம் இருக்கிறதே, அதில் சத்து இருக்கிறது. தங்கமீன் மெதுவாக நகரும், ராத்திரியில் அசையாமல் நிற்கும். பாசி தீர்ந்துபோய்ப் பசித்த சக்கருக்கு இதைவிட வசதியான சாப்பாட்டுத் தட்டு கிடையாது. நான் வேறு அதற்கென்று தனியாக எதுவும் போடவில்லை. பாசி தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன்.

சக்கரை வலை போட்டுப் பிடிக்காதீர்கள். துடுப்பில் இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொண்டு மீனும் பாழ், வலையும் பாழ். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவைச் சாய்த்து வைத்து உள்ளே தள்ளிப் பிடித்தேன். பூசணியைப் பக்கெட்டில் தனியாக விட்டு, லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கல்லுப்பு கரைத்து, ஏர் பம்ப் போட்டு, தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். காயம் மூட இரண்டு வாரம் ஆனது. அந்த இடத்தில் மட்டும் செதில் இன்றும் ஒழுங்கில்லாமல்தான் இருக்கிறது.

சக்கரை என்ன செய்வது? எதிர் வீட்டு அண்ணன், "ரெட்டேரியில விட்டுடும்மா, பொழச்சிக்கும்" என்றார். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினையே. தென் அமெரிக்க மீன் அது. ஓர் அடிக்கு மேல் வளரும், உடம்பெல்லாம் கவசம், நம் ஊர்ப் பெரிய மீன்கள்கூட எளிதில் விழுங்க முடியாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். வலையில் சிக்கினால் கிழித்துவிடும் என்று மீனவர்கள் திட்டுகிற மீன். அதே கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்தது, நானே யோசித்து நானே செய்த தப்பு. தங்கமீனுக்குத் தங்கமீன்தான் நல்ல துணை என்று பார்க்கும் இடத்திலெல்லாம் எழுதியிருந்தார்கள். சரி என்று ஒரு காமெட் வாங்கிவந்தேன். அதுவும் தங்கமீன்தான், ஆனால் ஒற்றை வால், ஒல்லி உடம்பு, அம்பு மாதிரி பாயும். ஒராண்டாவோ கல்யாணப் பட்டுப்புடவையில் படியேறுகிற பெரியம்மா மாதிரி. தீனி போட்டதும் தொப்பி திரும்பிப் பார்ப்பதற்குள் காமெட் மூன்று சுற்று சுற்றி எல்லாவற்றையும் முடித்துவிடும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, சாப்பிட்டது நேரே குடலுக்குப் போய்விடும், அதனால் எப்போது பார்த்தாலும் பசித்த மாதிரியே இருக்கும். இவை பட்டினி கிடக்கின்றன என்று எனக்கு ஒரு மாதம் பிடிபடவில்லை, ஏனென்றால் எல்லாமே எப்போதும் பிச்சை கேட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வரும். பூசணியை மேலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, முதுகு ஒடுங்கியிருந்தது. காமெட் இப்போது திருவள்ளூரில் என் சித்தி வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் சுகமாக இருக்கிறது.

இரண்டு முறை சூடு பட்ட பிறகு, கடைக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு போனேன். இது தங்கமீனின் வாய்க்குள் போகுமா? இது தங்கமீனைக் கடிக்குமா? சாப்பாட்டில் முந்துமா? கடைத் தம்பி ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினான். மகன் நியான் டெட்ராவைப் பார்த்ததும் நகரவே இல்லை. அது ஒராண்டாவுக்கு ஒரு வாய். கப்பிக் குட்டிகளும் அப்படியே. டைகர் பார்ப் நீளமான துடுப்பைக் கண்டால் கொத்தும். ஏஞ்சலையும் நம்ப முடியாது. ஃபைட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. தரையில் மேயும் சின்ன கோரி சாதுதான். ஆனால் தங்கமீன் அதை வாயில் போட்டுப் பார்க்கும், அது முள்ளை விரித்துக்கொண்டு தொண்டையில் சிக்கும், இரண்டுமே செத்துப்போகும். கடைசியில் அந்தப் பையனே, "அப்போ என்னதான்க்கா வேணும் உங்களுக்கு?" என்றான்.

தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், மற்றதெல்லாம் வெப்பநாட்டு மீன், ஆகவே சேர்க்கக் கூடாது என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சொன்னால் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சென்னையில் ஏதுக்கா குளிர்ந்த தண்ணீர், எல்லாம் ஒரே கொதிப்பில்தானே கிடக்கிறது என்பார்கள். பாதி உண்மை. ஆனால் தங்கமீன் தாங்கிக்கொள்வது வேறு, அதற்குப் பிடித்திருப்பது வேறு. அதற்கு இதமான சூடு 24 டிகிரிக்குள். மே மாதத்தில் என் தொட்டி 32 காட்டியது. தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு குறையும்; கழிவில் வரும் அம்மோனியாவின் விஷமும் கூடும். தங்கமீனோ கழிவுக்குப் பேர் போனது. அந்த நேரத்தில் போய் நான்கு மீன் கூடுதலாக விட்டால் கூட்டாளியும் இல்லை, குடும்பமும் இல்லை. மூடியை எடுத்துவிட்டு, சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் படும்படி வைத்தால் இரண்டு டிகிரியாவது இறங்குகிறது. மழைக்காலம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

என் தொட்டி ஏறக்குறைய 160 லிட்டர். முதல் ஒராண்டாவுக்கு 75, பிறகு ஒவ்வொன்றுக்கும் 40 என்று கணக்குப் போட்டால் மூன்றோடு சரி. ஆக ஒரே ஓர் இடம்தான் காலி. நவம்பரில் கறுப்பு ஒராண்டா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தொப்பி அளவே உடம்பு, அதே அன்னநடை. இந்தத் தடவை நேராகத் தொட்டியில் விடவில்லை. பால்கனியை ஒட்டிய அறையில் பெரிய பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே ஒரு மாதம் முன்பிருந்து போட்டு ஊறவைத்திருந்தேன். கழிவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற அவ்வளவு நாள் வேண்டும். வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். "மீனுக்கு குவாரண்டைனா?" என்று கணவர் போனில் தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தார்.

ஆறாம் நாள் அதன் வாலில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கேலி நின்றது. அந்தக் கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் மருந்தை நிறுத்தவில்லை. தேறியபின் இன்னும் இரண்டு வாரம். மொத்தத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அந்த டப்பைத் தாண்டித் தாண்டித்தான் துணி காயப்போட்டேன்.

பெரிய தொட்டிக்குள் விட்ட அன்று, தொப்பியும் பூசணியும் அதை அரைமணி நேரம் பின்னாலேயே போய் முகர்ந்துகொண்டிருந்தன. சாயங்காலம் மூன்றும் ஒன்றாகக் கூழாங்கல்லைக் கிளறிக்கொண்டிருந்தன. மகன் அதற்கு வைத்த பெயர் எள்ளுருண்டை.

பாசி மட்டும் பாக்கி. அதற்கென்று மஞ்சள் ஆப்பிள் நத்தை ஒன்று இருக்கிறது. முதல் வாரமே பூசணி அதன் மீசையைப் புழு என்று நினைத்துக் கடித்துவிட்டது. மறுபடி வளர்ந்துவருகிறது, இன்னொரு பக்கத்து மீசையின் நீளத்தில் பாதி அளவுக்கு வந்திருக்கிறது. இப்போதெல்லாம் அது பகலில் ஃபில்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. கண்ணாடியை நான்தான் தேய்க்கிறேன்.