கல்வெட்டுப் புத்தகமும் கலாநிதிப் பட்டமும்

திருகோணமலையில் 31 ஆம் நாள் கிரியை முடிந்து வீடு திரும்பும்போது கையில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். தேவாரம், இறந்தவரின் வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். கல்வெட்டு என்போம். அதை எழுதிக் கொடுப்பவர் அந்தத் தொழிலை எங்கே கற்றார், பாடசாலையிலா, கோயில் புராணபடனத்திலா? புலம்பல் மட்டும் ஏன் விருத்தத்தில் வருகிறது, வரலாறு ஏன் உரைநடையில்? வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளை எழுதினால் நடை எப்படி மாறுகிறது? இப்படிக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. எழுத்து, ரெட்டரிக், எழுத்தறிவு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் கலாநிதிப் பட்டம் அது. (கோணேசர் கல்வெட்டும் கல்லில் வெட்டியதல்ல, கோயில் கடமைகளைச் சொல்லும் நூல். ஒரே பெயரில் இரண்டு வகை எழுத்து. இதுவே நல்ல ஆய்வுக் கேள்வி.)

ரெட்டரிக் என்றதும் பேச்சுப் போட்டியை நினைக்க வேண்டாம். ஒரு எழுத்து யாரை, எந்தச் சூழலில், எதற்கு இணங்க வைக்கிறது என்பதே அதன் விசாரணை. இலக்கியத் திறனாய்வும் அல்ல, ஆங்கிலம் கற்பிக்கும் முறையும் அல்ல. அமெரிக்காவில்தான் இத்துறை பெரிதாக வளர்ந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் விஸ்கொன்சின் மடிசனிலும் ஆங்கிலத் துறைக்குள் இருக்கிறது. சிரக்கியூஸில் தனித் துறை. பெயர் இடத்துக்கிடம் மாறுவதால் தேடும்போது ‘கொம்பசிஷன்’ (கட்டுரை எழுதும் கலை) என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

நம்மவருக்கு இது அந்நிய நிலமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, போர்க்கால யாழ்ப்பாணத்து ஆய்வாளரின் எழுத்து மேற்குலகச் சஞ்சிகைகளுக்குள் ஏன் நுழைய முடியவில்லை என்று 2002 இல் ஒரு நூலே எழுதினார். தான் நின்ற இடத்திலிருந்தே கேள்வியை எடுத்தார். விண்ணப்பிக்கும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

விண்ணப்பத்தில் தேர்வுக்குழு கூர்ந்து பார்ப்பது எழுத்து மாதிரி. வழக்கமாக 15 முதல் 25 பக்கம். முதுமாணி ஆய்வேட்டிலிருந்து ஒரு அத்தியாயத்தை அப்படியே வெட்டி அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதற்குத் தலையும் இராது, முடிவும் இராது. “முன்னைய அத்தியாயத்தில் கூறியதுபோல” என்று தொடங்கும். தனிக் கட்டுரையாகத் திருப்பி எழுத இரண்டு மாதமாவது வேண்டும்.

அடுத்த குறை முன்னாய்வுப் பகுதியில். ‘இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று அடுக்கிவிட்டு எழுதுபவர் ஒளிந்துகொள்கிறார். இதற்கு மருந்து நன்னூல் பொதுப்பாயிரத்திலேயே இருக்கிறது. அங்கே சொல்லப்படும் ஏழு மதங்களை, அதாவது பிறர் கருத்தின் முன் ஆசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளை, பாருங்கள்: உடன்படல், மறுத்தல், உடன்பட்டுப் பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு படாமல் தன் மதம் கொள்ளல். நம் முன்னாய்வுகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அது எந்த மதம் என்று பென்சிலால் குறியுங்கள். ஏழில் குறைந்தது மூன்று மதங்கள் வராவிட்டால் கட்டுரை இன்னும் வாதமாகவில்லை. ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை களத்தைக் காட்டி, இடைவெளியைக் காட்டி, அந்த இடைவெளியில் தான் நிற்பதைக் காட்டும் என்று மொழியியலாளர் ஜோன் சுவேல்ஸ் 1990 இல் வகுத்தார். நன்னூலையும் அவரையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது வீண்போகாது.

நோக்கக் கூற்று, அதாவது எதை ஏன் ஆராய வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதுவது, ஏறத்தாழ இரண்டு பக்கம். “சிறுவயதிலிருந்தே எழுத்தில் ஆர்வம்” என்ற வரியை அடித்துவிடுங்கள். முதற்பந்தியில் கேள்வி வரட்டும். பேராசிரியர் ஒருவரைக் குறிப்பிட்டால் அவருடைய ஒரு கட்டுரையையாவது வாசித்து, எந்தக் கருத்து உங்களுக்கு உதவும் என்று சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்பதால் அங்கே பயனில்லை. உங்கள் எந்தக் கட்டுரையில் என்ன வாதம் வலுவாக இருந்தது என்று எழுதப்பட வேண்டும். ஆகவே விரிவுரையாளரிடம் கட்டுரைப் பிரதியையும் நோக்கக் கூற்றையும் சேர்த்து, ஆறு வாரம் முன்னதாகவே கொடுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் மொழியோ தொடர்பாடலோ மூன்று வருடப் பொதுப் பட்டமாகப் படித்தவர் முதலில் முதுமாணி முடிப்பது நல்லது; பல இடங்களில் நான்கு வருடப் பட்டம் கேட்பார்கள்.

முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. அந்தக் காலையை நம்பியிருக்க வேண்டாம். வங்கி அட்டை டொலர்க் கட்டணத்தை மறுத்தால் சரிசெய்ய நேரம் கிடைக்காது. கட்டண விலக்கு உண்டா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். ஆங்கிலப் பரீட்சையில் பேச்சுப் பகுதிப் புள்ளியைத் தனியாகப் பார்ப்பார்கள். உதவித்தொகை பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவருக்கு எழுத்து வகுப்பு எடுப்பதற்காகவே தரப்படுகிறது.

களவேலையில் ஒரு சிக்கல். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி தருமுன் நேர்காணல் செய்தால், அந்தத் தரவைப் பிறகு சேர்க்க இயலாது போகலாம். போரைக் கடந்துவந்த ஊரில், வெளியிலிருந்து வந்தவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்கச் சனம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு நியாயமான காரணம் உண்டு. கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதம் பெற அனுமதியுங்கள் என்று அந்தக் குழுவுக்கு எழுதும் விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேட்கலாம். அமெரிக்க விதிகளில் அதற்கு இடமுண்டு. சம்மதக் கூற்றைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தருவது அங்கே பொது வழக்கம். அதற்குள் எழுத்தில் கேட்க வேண்டியவை: உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி, கோடை மாதங்களுக்கும் உண்டா, மருத்துவக் காப்புறுதி யார் கட்டுவது, ஒரு தவணைக்கு எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும். ஓகஸ்டில் போய் இறங்கினால் முதற் கொடுப்பனவு வர ஒரு மாதத்துக்கு மேலாகலாம். வீட்டு முற்பணமும் முதல் மாத வாடகையும் கையில் இருக்கட்டும்.