குற்றவியலும் உளவியலும் ஒன்றாகப் படித்து முடித்தது

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து கலைப்பிரிவில் கம்பஸ் போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர் வேலையை மனதில் வைத்துத்தான் பாடம் தெரிவார்கள். நான் குற்றவியலையும் உளவியலையும் சேர்த்து எடுத்தேன் என்றதும் தர்மபுரத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது, "படிச்சு முடிச்சுப் பொலிசிலையோ பிள்ளை சேரப்போறாய்?" இப்போது ஊரில் சில தம்பி தங்கச்சிமார் இதை எடுக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் படித்தது தெற்கில். விரிவுரைகள் ஆங்கிலத்தில், விடுதியில் சிங்களம். அந்தக் கஷ்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் முன்கூட்டிச் சொல்லாதது புள்ளிவிபரம். ஓ.எல்.லோடு கணக்குக்குக் கும்பிடு போட்டு வந்தவளுக்கு உளவியலின் முதல் வருடத்திலேயே நியம விலகலும் கருதுகோள் சோதனையும் வந்து நின்றன. சீனியர் அக்கா ஒருவர் இரவில் இருந்து எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளைக் காட்டித் தராவிட்டால் அந்தப் பாடம் போயிருக்கும். குற்றவியலில் கணக்குக் குறைவு, ஆனால் வாசிப்பு முடியவே முடியாது.

பாடங்கள் சுவையாகத்தான் இருந்தன. மண்டையோட்டையும் தாடையையும் வைத்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் எழுதிய இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோவில் குற்றவியல் வகுப்பு தொடங்கும். அதைக் கேட்டுச் சிரிப்போம். ஆனால் "அவன்ர முழியைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிறகு அமெரிக்கச் சமூகவியலாளர் மேர்ட்டன் வருவார்: பணம்தான் வாழ்க்கை என்று சமூகம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைச் சம்பாதிக்கும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்று 1938இல் எழுதியவர். அதே கிழமை உளவியல் வகுப்பில் ஒரு ஆளின் சிறுவயது, கோபம், தூண்டல் என்று போய்க்கொண்டிருக்கும். ஒரு பாடத்தின் விடையை மற்றப் பாடத்தில் எழுதினால் புள்ளி விழாது. மூன்றாம் வருடம்வரை இரண்டு கொப்பியையும் இரண்டு மூளையோடுதான் படித்தேன்.

இரண்டும் ஒன்றாக வந்தது இறுதி ஆய்வில். பொலிஸில் குடும்ப வன்முறை முறைப்பாடு கொடுத்த பெண்கள் ஏன் அதை மீளப் பெறுகிறார்கள் என்பதை எடுத்தேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிக்கிறவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், பன்னிரண்டு மாதம்வரை கிடைக்கும். சட்டம் இருக்கிறது, பெண்களோ பாதியில் திரும்பிவிடுகிறார்கள். உளவியல் பக்கம் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வோக்கர் 1979இல் சொன்ன வன்முறைச் சுழற்சி கையில் இருந்தது: இறுக்கம் கூடும், அடி விழும், பிறகு மன்னிப்பும் அன்பும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன்.

முதலில், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வன்னியில் 2009க்குப் பிறகு எத்தனை பதிவு, எத்தனை படிவம், எத்தனை பேர் கதை எழுதிக்கொண்டு போனார்கள்! கையெழுத்து என்றதுமே வாய் மூடிவிடும். இதை நீளமாக எழுதி விளக்கிய பிறகுதான் வாய்மொழிச் சம்மதத்துக்கும், ஒலிப்பதிவு இல்லாமல் குறிப்பு மட்டும் எடுப்பதற்கும் அனுமதி கிடைத்தது. யாராவது உடைந்து அழுதால் எங்கே அனுப்புவது என்பதையும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரோடு முன்பே பேசிவைத்தேன்.

கேள்வி கேட்கும் விதத்தில் உளவியல்தான் கைகொடுத்தது. 1974இல் லொஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் "மோதியபோது" என்று சிலரிடமும் "நொறுங்க மோதியபோது" என்று சிலரிடமும் வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் கடுஞ்சொல் வந்தவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். அதனால் "அடிச்சவரோ?" என்று நான் கேட்கவே இல்லை. "அண்டைக்கு என்ன நடந்தது அக்கா?" அவ்வளவுதான்.

பதில்கள் வோக்கரின் சுழற்சிக்குள் முழுதாக அடங்கவில்லை. ஒரு அக்கா சொன்னது: "தங்கச்சி, அவரை உள்ள போட்டா நாளைக்கு ஆர் கூலிக்குப் போறது? நுண்கடன்காரன் வியாழக்கிழமை வாசலில நிப்பான்." பஸ்காசு, நீதிமன்றத் தவணை, கடன், ஊர்க்கதை எல்லாம் வந்தன. மன்னிப்புக் கேட்டு அழுத புருஷன்மாரும் வந்தார்கள்தான். பயத்தை மட்டும் எழுதினால் அந்தப் பெண்ணை நோயாளியாக்கிவிடுவோம், கடனை மட்டும் எழுதினால் அவள் பட்ட பயம் காணாமல் போய்விடும். மேற்பார்வையாளர் ஒரு அத்தியாயத்தைத் திருப்பித் திருப்பி எழுதவைத்தது இதற்காகத்தான். அப்போது எரிச்சலாக இருந்தது.

சரி, வேலை. இந்தப் பட்டத்தோடு மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது, அதற்கு மேற்படிப்பு வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, உளவளத்துணை, சமுதாயஞ்சார் சீர்திருத்தம் என்று அரச பக்கம் சில கதவுகள் உண்டு. போட்டிப் பரீட்சை எழுதவேண்டும், அறிவித்தல் எப்போது வரும் என்று வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் இப்போது அந்த வரிசையில் நிற்கிறேன், இடையில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. எடுக்க நினைக்கிறவர்கள் ஏ.எல். முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் நிற்கும் மாதங்களில் ஓ.எல். கணக்குப் புத்தகத்தின் புள்ளிவிபரப் பகுதியைத் தூசு தட்டுங்கள்.