முகம் தெரியாத அதிகாரிக்கு இரண்டு பெட்டி சீல்

சிங்கப்பூரில் ஏற்றுமதி பெர்மிட் எடுப்பதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை. பெர்மிட்டைக் கணினி வழியே தரும் டிரேட்நெட் 1989 முதல் இருக்கிறது. விவரத்தைத் தட்டிவிட்டுக் கீழே போய் கோப்பி வாங்கி வருவதற்குள் பெரும்பாலும் அனுமதி வந்துவிடும். அந்தச் சொகுசில் பழகியவள் நான்.

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் எங்கள் பட்டறை. பம்புகளில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் செய்கிறோம். 2020 கடைசியில் சென்னை வாடிக்கையாளருக்கு இரண்டு பெட்டி அனுப்பினோம். இன்வாய்ஸில் வழக்கம்போல 'பம்ப் உதிரிபாகம்' என்று போட்டேன். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் அங்குள்ள கிளியரிங் ஏஜென்ட் கேட்லாக்கோடு சுங்க அதிகாரியிடம் நேரில் போய் விளக்கிவிடுவார். ஆனால் அந்த ஜூனில் இந்தியச் சுங்கத்தில் 'பேஸ்லெஸ் அசெஸ்மென்ட்', அதாவது முகம் பார்க்காமல் கணினி வழியே நடக்கும் மதிப்பீடு, வந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் முதலில் தொடங்கியதே சுங்க வரிப் பட்டியலின் 84, 85ஆம் அத்தியாயங்களில் வரும் இயந்திர, மின்சாதனச் சரக்குகளுக்குத்தான். பெட்டி சென்னையில் இருக்கும், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். ஏஜென்ட் யாரைப் போய்ப் பார்ப்பார்?

கேள்வி கணினியில் வந்தது: இது வரிப் பட்டியலில் 8413ஆம் தலைப்பில் வரும் பம்ப் பாகமா, 8484இல் வரும் சீலா? நியாயமான கேள்வி. சீலுக்குத் தனித் தலைப்பு இருக்கும்போது, பம்பில் மாட்டுகிறோம் என்பதற்காக அதைப் பம்ப் பாகமாக்க முடியாது. தப்பு என்னுடையது. வரைபடம் அனுப்பினேன், அது முடிந்தது.

முடியாதது இன்னொன்று. ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தின்கீழ் வாடிக்கையாளர் வரிச்சலுகை கேட்டிருந்தார். 2020 செப்டம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, இறக்குமதி செய்பவர் வெறும் சான்றிதழை நீட்டினால் போதாது. பொருள் இங்கேதான் உருவானது என்பதற்கான விவரங்களும் அவர் கையில் இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்தவும் வேண்டும். சலுகைக்குத் தேவையான 35 சதவீத உள்மதிப்பு (விலையில் ஆசியான், இந்தியாவுக்குள் சேர்ந்த பங்கு) எப்படி வந்தது என்று அவர் எங்களைக் கேட்டார். முதலாளி கொதித்துவிட்டார்.

"அடக்கவிலைய வாங்குறவன்கிட்டயே காட்டணுமா? நாளைக்கே விலையக் குறைக்கச் சொல்வான்மா!"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு நாள் இழுபறிக்கு அப்புறம், தயாரிப்புப் படிகளையும் சதவீதத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தோம். ரூபாய், சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கு எதையும் காட்டவில்லை. வாடிக்கையாளருக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு சுங்கத்துறை கேட்டால் நேரடியாகத் தருகிறோம் என்றும் எழுதி வைத்தேன். கேட்கவில்லை. பெட்டிகள் வெளியே வந்தன.

இப்போது என் இன்வாய்ஸில் ஒரு வரி நான்கு வரியாகிவிட்டது: பொருள், அளவு, எதனால் ஆனது, தலைப்பு எண். ஏஜென்ட் மட்டும் இன்னமும் கேட்லாக் இரண்டு பிரதி அனுப்பச் சொல்கிறார்.