17 நேர், ஒரே ஒரு நிரை

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

வான்சிறப்பில் வரும் இந்த 12ஆம் குறளின் எதுகை மோனையைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் அதன் உண்மையான அழகு அலகிட்டால்தான், அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்தால் நிரையசை.

அலகிடும்போது பதம் பிரிக்காதீர்கள். ‘துப்பு ஆய துப்பு ஆக்கி’ என்று பொருளுக்காகப் பிரித்ததை வைத்து அலகிட்டால் சீர்க்கணக்கே குலைந்துவிடும். சீர் பிரித்த வடிவத்தையே எடுங்கள். துப்/பார்க்/குத்: நேர் நேர் நேர், இந்த அமைப்பின் பெயர் தேமாங்காய். ஒற்றுக்கு (மெய்யெழுத்துக்கு) அலகு இல்லை, அது தனி அசையாகாது. ‘பார்க்’கில் இரண்டு ஒற்று வந்தாலும் ஓரசைதான். ‘பார்க்குத்’ என்பதைச் சேர்த்து நிரை என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. நிரையசை குறிலில்தான் தொடங்கும், நெடிலில் தொடங்காது.

இப்படியே முதல் ஐந்து சீரும் தேமாங்காய். காய் முன், அதாவது காய்ச்சீரை அடுத்து, நேர் வந்து வெண்சீர் வெண்டளையாகவே ஓடுகிறது (தளை என்பது சீரும் சீரும் இணையும் முறை). பிறகு தூ/உம்: நேர் நேர், தேமா. மா முன் நிரை வந்தாக வேண்டும், வருகிறது ‘மழை’. மொத்தம் 18 அசை. 17 நேர் கடந்த பின், குறளின் ஒரே நிரை மழைதான்! குறள் பேசும் பொருளும் அதுவே.

இதற்கு வழிவிடுவது அளபெடை, அதாவது ‘தூ’வின் ஓசை நீண்டு அதை அடுத்து ‘உ’ வருவது. ‘தூஉம்’ இருக்கும் இடத்தில் ‘தும்’ என்று வைத்துப் பாருங்கள். ஓரசையாகிவிடும், வெண்பாவில் ஓரசைச் சீர் ஈற்றில் மட்டுமே வரலாம். ‘துப்பாயதும்’ என்று சேர்த்தாலோ ஈற்றடி இரண்டு சீராகச் சுருங்கும். அளபெடை எங்கே வந்தாலும் இப்படி நீக்கிப் பார்ப்பது நல்லது. 15ஆம் குறளின் ‘கெடுப்பதூஉம்’ என்பதைக் ‘கெடுப்பதும்’ ஆக்கினால் நிரை நிரை, கருவிளம். விளம் முன் நேர் வரவேண்டும், அடுத்த சீர் நேரில்தான் தொடங்குகிறது என்பதால் தளை தட்டாது. அங்கே அளபெடை இசைக்காக வந்தது, இங்கே யாப்பையே தாங்குகிறது.

தொடை எளிது. முதலடியில் முற்றுமோனை (நான்கு சீரிலும் முதலெழுத்து ஒன்றுவது), முற்றெதுகை (இரண்டாமெழுத்து ஒன்றுவது) இரண்டும் உண்டு. ‘தூஉம்’ மோனையில் சேரும், எதுகையில் சேராது. ‘மழை’ இரண்டிலும் சேராது.

‘துப்பு’ திரும்பத் திரும்ப வந்தாலும் வெற்றுச் சொல்லடுக்கு அல்ல. துப்பார் உண்பவர், முதல் ‘துப்பாய’ நல்லவையான, ‘துப்பாக்கி’ உணவை உண்டாக்கி. இரண்டாம் அடியில் அதே ‘துப்பாய’ வரும்போது மழை தானே உணவாகிவிடுகிறது, குடிநீராக.